தண்ணீர் வந்த வழியே ஒரு நாள்: கல்முனையிலிருந்து சைக்கிளில் இங்கினியாகலைக்கு

எங்கள் பக்கத்தில் பெருநாள் முடிந்ததும் வேன் பிடிப்பார்கள். இரவு புறப்பட்டு, விடியும்போது நுவரெலியாவில் குளிரில் நடுங்கிக்கொண்டு இறங்குவார்கள். மலையும் ஏரியும் பார்ப்பதென்றால் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க்காரருக்குத் தெரிந்த வழி அதுதான். நானும் சின்ன வயதில் அப்படித்தான் போனேன். எனக்கு ஞாபகம் இருப்பது கிரெகரி ஏரி அல்ல. வளைவுக்கு வளைவு வேனை நிறுத்தி வாந்தி எடுத்ததுதான்.

ஆனால் காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி, மாவடிப்பள்ளி வயல்வெளிக்கு வந்து, வானம் தெளிந்த ஒரு காலையில் நிமிர்ந்து பாருங்கள். நெல்லுக்கு அப்பால் நீலமாக ஒரு கோடு தெரியும். அது மலை. அதன் அடியில் இலங்கையின் மிகப்பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. சைக்கிளில் அரை நாள் தூரம்.

இதை நான் கண்டுபிடித்தது 2022இல். பெற்றோலுக்கு மூன்று நாள் வரிசையில் நின்ற அந்தக் காலத்தில், வீட்டின் பின்பக்கம் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளைத் திருத்தி எடுத்தேன். முதலில் செய்தி சேகரிக்கப் போனேன். பெற்றோல் வந்த பிறகும் சைக்கிளை விடவில்லை. இப்போது ஆறேழு பேர் சேர்ந்து போகிறோம். அதில் இரண்டு பேர் பெண்கள். எப்படிப் போவது, எப்போது போவது என்று பலர் கேட்கிறார்கள். அதற்கான பதில்தான் இது. கூடவே, ஏன் போக வேண்டும் என்பதற்கும்.

எப்போது போவது?

தென்மேற்குப் பருவமழை கொழும்பிலும் மலையகத்திலும் கொட்டும் ஜூன் முதல் செப்டெம்பர் வரை எங்களுக்குக் கோடை. எங்கள் மழை நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை பெய்யும். ஆகவே கோடையில் வீதிகள் காய்ந்திருக்கும், வாய்க்கால்களில் சிறுபோகத்துக்கான தண்ணீர் ஓடும், குளத்தின் நீர்மட்டம் இறங்கி ஓரமெல்லாம் புல் முளைத்திருக்கும்.

வெயிலைவிடப் பெரிய சோதனை கச்சான் காற்று. மேற்கிலிருந்து தரையைத் தடவிச் சுடச்சுட வரும் காற்று இது. நாம் போவதோ மேற்கு நோக்கி. காலை எட்டு, ஒன்பது மணிக்கு மேல் அது உரம் பிடித்தால் மிதிக்க மிதிக்கச் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருக்கும். அதனால் சுபஹ் தொழுதுவிட்டு உடனே புறப்பட வேண்டும். திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிவரும்.

முதல் பாதை: கிட்டங்கி

புதியவர்கள் இங்கே தொடங்கலாம். கல்முனையிலிருந்து கிட்டங்கிப் பாலத்தைக் கடந்து நாவிதன்வெளி, சவளக்கடை வரை போய்வர அரை நாளும் தேவையில்லை. மழைக்காலத்தில் இந்தப் பாதையின் மேல் தண்ணீர் ஏறி, ஊர்களுக்கிடையே போக்குவரத்தே நின்றுவிடும். கோடையில் களப்பின் இரு புறமும் கொக்கும் நீர்க்காகமும், வலை வீசும் மனிதரும். பாலம் தாண்டினால் கண்ணுக்கெட்டியவரை வட்டை.

சவளக்கடைப் பக்கம்தான் எங்கள் வாப்பாவின் வயலும் இருக்கிறது. அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. பதினைந்து வயதிலிருந்து அந்த வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறார். போன வருடம் ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்டேன்.

“வாப்பா, இந்தத் தண்ணி வாற குளத்தப் பாத்திருக்கீங்களா?”

“கேள்விப்பட்டிருக்கன் மகன்” என்றார். “போகல்ல.”

ஐம்பது கிலோமீற்றர் தூரம். ஐம்பத்தைந்து வருடம். அன்றைக்கு முடிவு செய்தேன்.

இரண்டாம் பாதை: இங்கினியாகலை

கல்முனையிலிருந்து காரைதீவு, சம்மாந்துறை வழியாக அம்பாறை ஏறக்குறைய 30 கிலோமீற்றர். அங்கிருந்து இங்கினியாகலை இன்னும் 20. போய்வர நூறு கிலோமீற்றர் என்பதால் இரண்டு மூன்று முறை நாற்பது, ஐம்பது ஓடிப் பழகிய பிறகே இறங்குங்கள். இல்லாவிட்டால் அம்பாறை வரை சைக்கிள்களை ஒரு பட்டாவில் ஏற்றிக்கொண்டு போய் அங்கிருந்து மிதிக்கலாம். பாதி வேலை மிச்சம். ஏற்றம் அதிகமில்லை. கியர் வைத்த சைக்கிள் கட்டாயமுமில்லை.

முதலில் வருவது மாவடிப்பள்ளி. 2024 நவம்பர் 26 அன்று மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது இங்கேதான். கோடையில் அந்த இடத்தைக் கடக்கும்போது தண்ணீர் சாதுவாக மதகுக்குக் கீழே கிடக்கும். எங்கள் குழுவில் யாரும் அங்கே பேசுவதில்லை. கரையோரத்து ஆட்களுக்கு மேற்கிலிருந்து வரும் தண்ணீர் பெரும்பாலும் செய்தியாகத்தான் தெரியும்: வான்கதவு திறந்தாயிற்று, தாழ்நிலத்து மக்கள் அவதானமாக இருக்கவும். கடலை 2004 டிசம்பரில் அறிந்துகொண்டோம். இந்தப் பக்கத்தை இன்னும் சரியாக அறியவில்லை.

சம்மாந்துறையில் சைக்கிளை நிறுத்தி ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிடுங்கள். அதற்கப்பால் வளத்தாப்பிட்டி, மல்வத்தை என்று தமிழ்க் கிராமங்கள், பிறகு சிங்களக் கிராமங்கள். ஒரு காலைப்பொழுதில் முஸ்லிம், தமிழ், சிங்கள ஊர்கள் எல்லாவற்றுக்குள்ளாலும் போய்விடுவீர்கள். பஸ்ஸில் போகும்போது இது பெயர்ப்பலகையில் மட்டும் தெரியும். சைக்கிளில் போனால் ஒவ்வொரு ஊரிலும் ஒருவராவது “எங்கே போறீங்க?” என்று கேட்பார், மொழி மட்டும் மாறும்.

அம்பாறை நகரம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2018 பெப்ரவரியில், ஒரு சாப்பாட்டுக் கடையில் உணவோடு மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தி பரவி, முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அப்படி மாத்திரை எதுவும் இல்லை, அது வெறும் மாவுப்பொருள் என்று பின்னர் அரச பகுப்பாய்வில் தெரிந்தது. ஆனால் அச்சம் அறிக்கை வாசித்துவிட்டுப் போவதில்லை. அதன் பிறகு எங்கள் ஊரில் பலர் வேலை இருந்தால் மட்டுமே அம்பாறைக்குப் போனார்கள். நானும் முதல் முறை நகரத்துக்குள் நிற்காமல் மிதித்தேன். இரண்டாம் முறை சங்கிலி கழன்றது. திருத்திக் கொடுத்த சிங்கள ஐயா காசு வாங்க மறுத்து, காற்றும் அடித்துவிட்டார். ஒரு சங்கிலியால் வரலாறு மாறிவிடாது. ஆனால் மூன்றாம் முறை நான் அங்கே நின்று தேநீர் குடித்தேன்.

நகரைத் தாண்டினால் கொண்டவட்டுவான் குளம். இந்தப் பகுதியில் கிடைத்த பத்தாம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு ஒன்று, வயல் வேலையில் தவறிழைப்பவருக்கான தண்டங்களைப் பட்டியல் போடுகிறது. தண்ணீரும் வயலும் இங்கே ஆயிரம் வருடமாகப் பேசித் தீர்க்கப்படும் விடயம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

அணைக்கட்டு

வீதி மெல்ல உயர்ந்து, இரண்டு பக்கமும் குன்றுகள் நெருங்கி, இங்கினியாகலையில் முடியும். கல்லோயா என்று இப்போது சொல்லும் இந்த ஆற்றுக்குத் தமிழில் பட்டிப்பளை ஆறு என்று பெயர். 1949இல் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் அரசாங்கம் கல்லோயா அபிவிருத்திச் சபையை அமைத்து, இதன் குறுக்கே அணை கட்டத் தொடங்கியது. கட்டியது மொரிசன் நட்சன் என்ற அமெரிக்க நிறுவனம். அமெரிக்காவின் ஹூவர் அணையைக் கட்டிய கூட்டு நிறுவனத்திலும் அது ஒரு பங்காளி. நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 7 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் அடி. அதைச் சுற்றியுள்ள காடு 1954இல் கல்லோயா தேசியப் பூங்காவாயிற்று. குளத்துக்குள் தீவு தீவாக நிற்கும் குன்றுகளுக்கு யானைகள் நீந்திப்போவதைப் படகிலிருந்து பார்க்கலாம். அதற்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச் சீட்டு வேண்டும்.

அணையோடு குடியேற்றமும் வந்தது. இலக்கம் போட்ட கொலனிகள் உருவாயின. நாவிதன்வெளிப் பக்கத்தில் இன்றும் ஊரின் பெயரே இலக்கம்தான். 1956 ஜூனில் கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர்மீது வன்முறை வெடித்தது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. இந்தத் தண்ணீர் எங்களுக்கு இரண்டாம் போகத்தையும் தந்தது. கிழக்கின் மக்கட்தொகைக் கணக்கையும் மாற்றியது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் போன அன்று ராத்தாவின் மகன் ஓட்டோவில் வாப்பாவை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தான். வாப்பா இறங்கி, குளத்தைப் பார்த்தபடி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அங்கே காவலில் நின்றவரிடம், தெரிந்த சிங்களத்தில், இடதுகரை வாய்க்கால் எது என்று கேட்டார். அவர் கையை நீட்டிக் காட்டினார். வாப்பா என் பக்கம் திரும்பி, “எங்கட தண்ணி அதாலதான் வாற” என்றார், வீட்டு விலாசத்தைச் சொல்வதுபோல.

கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்த கதை

இடதுகரை வாய்க்காலின் மேல்பகுதியில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். கடைசிப் பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும். எந்த வாய்க்காலிலும் மேலே உள்ளவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டால் கீழே உள்ளவருக்கு ஈரம்கூட வராது. 1970களின் முடிவில் இடதுகரையின் நிலை அதுதான். 1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, படித்த இளைஞர்களை வாய்க்கால் கிராமங்களில் தங்கவைத்து, விவசாயிகளைச் சிறு சிறு குழுக்களாகக் கூட்டின. வாய்க்காலைத் தாங்களே துப்புரவாக்கவும் தண்ணீரை முறைவைத்துப் பங்கிடவும் அந்தக் குழுக்கள் பழகின. அந்த வேலையில் இருந்த நோர்மன் அப்ஹொப் 1992இல் கல்லோயாவைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். நீர் முகாமைத்துவம் படிப்பவர்கள் உலகெங்கும் எங்கள் வாய்க்காலைப் பாடமாக அறிவார்கள், எங்களுக்குத்தான் தெரியாது.

அதில் 1997ஆம் ஆண்டு தனிக் கதை. சிறுபோகத்துக்குக் குளத்தில் இருந்த தண்ணீர் 15 ஆயிரம் ஏக்கருக்கே போதும் என்று பொறியியலாளர்கள் கணக்கிட்டார்கள். விவசாயிகளோ எல்லோருக்கும் சமமாகப் பங்கிடுவோம் என்று முடிவெடுத்து, 65 ஆயிரம் ஏக்கரிலும் விதைத்தார்கள். விளைச்சல் வழமையைவிடக் குறையவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. வாய்க்காலின் மேலே ஒரு மொழி, கீழே வேறு மொழி. தண்ணீர் மட்டும் கடைசி வயல் வரை வந்து சேர்ந்தது.

அணைக்கட்டில் நின்று இதை வாப்பாவுக்குச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். “அந்த வருசம் தண்ணி வந்த ஞாபகம் இரிக்கி” என்றார். “மேல உள்ளவங்க விட்டதாலதான் எண்டு ஆரும் சொல்லல்ல.”

மலை ஏறுவதென்றால்

நடக்க ஆசையுள்ளவர்களுக்கு ராஜகல. அம்பாறையிலிருந்து உகன வழியாக மகாஓயா வீதியில் ஏறக்குறைய 25 கிலோமீற்றர். இதை இங்கினியாகலையோடு ஒரே நாளில் சேர்க்காதீர்கள். காட்டுக்குள்ளால் ஏறும் பாதையின் மேலே, குகைகளும் தூண்களும் தூபிகளுமாகப் பழைய பௌத்த மடாலயம் பரந்து கிடக்கிறது. மஹிந்த தேரரைக் குறிப்பிடும் கல்வெட்டு இங்கே உள்ளது. உச்சியிலிருந்து பார்த்தால் காடும் குளங்களும் வயலும் ஒரே விரிப்பில் கிடக்கும்.

இந்த இடத்தில் எங்கள் பிள்ளைகள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 2019 ஜனவரியில், ஹொரவப்பொத்தானைப் பகுதியில் ஒரு பழைய தூபியின் மேல் ஏறிப் படம் எடுத்த தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் கைதாகி, சில வாரம் மறியலில் இருந்து, தண்டம் கட்டி வெளியே வந்தார்கள். தெரியாமல் செய்தோம் என்பது பொலிஸில் எடுபடாது. தூபியின் மேலோ சிதைவுகளின் மேலோ ஏறாதீர்கள், உட்காராதீர்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள். புனிதப் பகுதியில் செருப்பைக் கழற்றுங்கள். தேசிய அடையாள அட்டை பையில் இருக்கட்டும். பிரச்சினைக்குப் பயந்து போகாமல் இருப்பது தீர்வல்ல. நமது பள்ளிவாசலுக்கு வருபவரிடம் நாம் எதிர்பார்க்கும் மரியாதைதான் இதுவும்.

கையோடு கொண்டுபோக

ஒருவருக்குக் குறைந்தது மூன்று லீற்றர் தண்ணீர். உப்பும் சீனியும் கலந்த ஒரு போத்தல் தனியே. தொப்பி, மேலதிக ட்யூப், காற்றடிக்கும் பம்ப். பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை நிழலில் இருங்கள். அணைக்கட்டருகே மரநிழலுக்குக் குறைவில்லை. குளத்தில் குளிக்க இறங்க வேண்டாம், ஆழம் கண்ணுக்குத் தெரியாது. அணையின் மேல் போக விடுவதும் விடாததும் அன்றன்றைய நிலைமை, கேட்டுவிட்டுப் போங்கள்.

அம்பாறை, இங்கினியாகலை வீதியை மாலையில் யானைகள் கடக்கும். ஐந்து மணிக்கு முன் நகரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். யானையைக் கண்டால் சைக்கிளோடு பின்வாங்கித் தூரத்தில் நில்லுங்கள். மணி அடிக்காதீர்கள், படம் எடுக்கக் கிட்டப் போகாதீர்கள். சோற்றுப் பார்சலின் தாளையும் போத்தலையும் திரும்ப வீட்டுக்கே கொண்டுவாருங்கள். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் செத்த செய்தி 2022இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. அது நமது மாவட்டத்தின் குப்பை.

திரும்பும் வழியில் எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கினோம். கச்சான் பின்னாலிருந்து தள்ள, மல்வத்தையிலிருந்து சம்மாந்துறை வரை மிதித்த ஞாபகமே இல்லை. ஓட்டோ முன்னால் போயிற்று.

அடுத்த நாள் காலை வாப்பா வழமைபோல வயலுக்குப் போனார். நானும் கூடப் போனேன். வாய்க்கால் ஓரம் குந்தி, மண்வெட்டியால் வரம்பை வெட்டித் தண்ணீரை உள்ளே விட்டார். வயல் நனைந்ததும் கொஞ்சம் முந்தியே அடைத்துவிட்டார்.

“ஏன் வாப்பா, இன்னும் விடலாமே?”

“கீழ ஆக்கள் இரிக்காங்க மகன்” என்றார்.