ரயில் விட்ட ஜில்லா போர்டு

மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு ரயில் பாதை போட்டது யார் தெரியுமா? தஞ்சாவூர் ஜில்லா போர்டு, அதாவது அந்தக் காலத்து மாவட்ட உள்ளாட்சி சபை. நிலவரியோடு ரயிலுக்கென்றே தனி வரி வசூலித்து, வருடக்கணக்கில் சேர்த்துவைத்த பணம் அது. 1894-இல் பாதை திறந்தது. 54 மைல், மீட்டர் கேஜ். ஓட்டும் வேலைதான் ரயில் கம்பெனிக்கு. தண்டவாளம் போர்டின் சொத்து. சில ஆண்டுகளில் அறந்தாங்கி வரைக்கும் நீட்டினார்கள்.

1884-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தில் பிறந்த இந்த போர்டுகளின் கதையில் சாலை, ஆஸ்பத்திரி, போர்டு ஹைஸ்கூல் எல்லாம் எல்லா ஜில்லாவுக்கும் பொது. தஞ்சாவூருக்கு மட்டும் இன்னொரு சொத்து இருந்தது: ராமேஸ்வரம் போகும் வழியெங்கும் மராட்டிய மன்னர்கள் கட்டிவைத்த சத்திரங்கள். யாத்ரீகர்களுக்குச் சோறு போட்ட அந்தச் சத்திரத்து வருமானம், போர்டின் நிர்வாகத்தில் ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கவும் உதவியது. அந்த விடுதிச் சோற்றைத் தின்று படித்து மேலே வந்த குடும்பங்கள் டெல்டாவில் ஏராளம்.

ஆரம்பத்தில் தலைவர் நாற்காலியில் கலெக்டர்தான். 1920 சட்டத்துக்குப் பிறகே தேர்தல் சூடுபிடித்தது. அப்போதும் வரி கட்டுபவருக்குத்தான் ஓட்டு. அது மிராசுதார்களின் சபை என்ற குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. இருக்கட்டும். ஊர்ப் பணம் ஊரில் தங்கியதா இல்லையா என்பதுதான் என் கேள்வி.

ஜில்லா போர்டுக்குக் கீழே இருந்த தாலுகா போர்டுகள் 1934-இல் போயின. 1958 பஞ்சாயத்துச் சட்டத்தோடு ஜில்லா போர்டின் காலமும் முடிந்தது. மறுபடியும் மாவட்ட அளவில் மக்கள் தேர்ந்தெடுத்த சபை வர 1996 ஆகிவிட்டது. வந்ததே, அதன் கையில் என்ன இருக்கிறது? வரி போடும் அதிகாரம் கிடையாது. மேலிருந்து வரும் மானியத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அதே முத்துப்பேட்டைப் பக்கம் 2019-இல் அகல ரயில் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியபோது நடந்த கூத்தைப் பாருங்கள். கேட் கீப்பர்கள் போதவில்லை. கேட்டுக்குக் கேட் வண்டியை நிறுத்தி, ரயிலில் வந்த ஊழியரே இறங்கி கேட்டை மூடி, வண்டி தாண்டியதும் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொண்டார். ஒரு காலத்தில் சொந்தக் காசில் ரயில் விட்ட பிரதேசம், கேட்டுக்கு ஆள் கேட்டு மனு எழுதிக்கொண்டிருந்தது.

அடுத்த முறை மாவட்ட கவுன்சிலர் பதவிக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “வரி போட்டுச் செலவழிக்கும் அதிகாரத்தைத் திரும்ப வாங்க என்ன செய்வீர்கள்?”