மார்பிலும் இல்லை, முதுகிலும் இல்லை!

“அவன் சரியான எம்டன்!” என்று கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. எம்டன் என்பது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். முதல் உலக யுத்தம் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு அது சென்னைக் கடற்கரைக்கு எதிரே வந்து நின்று குண்டு போட்டது. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரை விட்டு ஓடினார்கள். அந்தக் கப்பல் அழிந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வார்த்தை மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

அதே யுத்தம் இங்கிலாந்துக்காரர்களுக்கும் ஒரு வார்த்தையைக் கொடுத்தது. ‘ஷெல் ஷாக்’. ஷெல் என்றால் பீரங்கிக் குண்டு. குண்டு அதிர்ச்சி என்று தமிழில் சொல்லலாம். நம் வார்த்தை விளையாட்டாகப் போய்விட்டது. அவர்கள் வார்த்தைக்குப் பின்னால் எத்தனையோ மனைவிமார்களின், தாய்மார்களின் கண்ணீர் இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ரத்தம் வராத காயம்

பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் நடந்த சண்டையில் சிப்பாய்கள் நீளமான பதுங்கு குழிகளில் நாள்கணக்காக உட்கார்ந்திருக்க வேண்டும். காலுக்குக் கீழே சேறும் எலியும். தலைக்கு மேலே ஓயாத குண்டு மழை. ஓடவும் முடியாது, திருப்பி அடிக்கவும் முடியாது. பக்கத்தில் இருந்து டீ குடித்தவன் அடுத்த நிமிஷம் இருக்க மாட்டான்.

இப்படி இருந்தவர்களில் சிலருக்கு விசித்திரமான நோய் கண்டது. கையும் காலும் நிற்காமல் நடுங்கின. சிலர் ஊமையானார்கள். சிலருக்குக் கண் தெரியவில்லை, காது கேட்கவில்லை. தூக்கத்தில் அலறினார்கள். உடம்பைப் பரிசோதித்தால் ஒரு கீறல்கூட இல்லை! 1915-ல் சார்லஸ் மையர்ஸ் என்ற டாக்டர் இதைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். ‘ஷெல் ஷாக்’ என்ற பெயர் அதற்குப் பிறகுதான் பரவியது.

குண்டு பக்கத்தில் வெடித்ததால் மூளை குலுங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் குண்டு விழுந்த இடத்துக்கு வெகுதூரத்தில் இருந்தவர்களுக்கும் அதே நடுக்கம் வந்தது. அப்போதுதான், காயம்பட்டது மூளையில் அல்ல, மனசில் என்பது மெல்ல மெல்லப் புரிந்தது. 1916 ஜூலை 1-ந் தேதி சோம் நதிக்கரையில் தொடங்கிய சண்டையின் முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் ராணுவத்தில் 19,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதைக் கண்ணால் பார்த்தவன் மனசு என்ன கல்லா?

இவர்களிடம் பரிவாக நடந்துகொண்ட டாக்டர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் டாக்டர் ரிவர்ஸ். இந்தப் பெயர் நமக்கு அந்நியமில்லை. யுத்தத்துக்குப் பல வருஷம் முன்னால் நம் நீலகிரிக்கு வந்து தோடர்களோடு பழகி, அவர்களைப் பற்றி 1906-ல் பெரிய புத்தகம் எழுதியவர் அவர்தான். ஸ்காட்லாந்தில் கிரெய்க்லாக்ஹார்ட் என்ற ஆஸ்பத்திரியில் அவர் செய்த வைத்தியம் மிகவும் எளியது. நோயாளியைப் பேசவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். மறக்கச் சொல்லி அதட்டினால் நோய் உள்ளேயே புழுங்கும் என்பது அவர் கண்ட உண்மை.

ஆனால் பாருங்கள், அந்த ஆஸ்பத்திரி அதிகாரிகளுக்கு மட்டும்தான். சாதாரணச் சிப்பாய்களில் பலருக்கு மின்சார அதிர்ச்சியும் திட்டும்தான் மருந்து. இன்னும் சிலருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

ஒரு மனைவியின் கதை

ஹாரி ஃபார் என்ற சிப்பாய் 1915-ல் நடுக்கம் கண்டு ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். கை நடுக்கத்தால் பேனா பிடிக்க முடியாமல், மனைவிக்குப் போன கடிதங்களை நர்ஸ்தான் எழுதினாராம். அப்படிப்பட்டவரை மறுபடியும் சண்டைக்கு அனுப்பினார்கள். 1916 செப்டம்பரில், என்னால் இனி முடியாது என்று முன்னணிக்குப் போக மறுத்தார். ராணுவ கோர்ட் விசாரணை அரை மணி நேரம்கூட நடக்கவில்லை. அவருக்காகப் பேச ஒருவரும் இல்லை. ‘கோழை’ என்று தீர்ப்பாகி, அக்டோபர் 16-ந் தேதி விடியற்காலையில், சொந்த ராணுவமே அவரைச் சுட்டுக் கொன்றது. வயது 25.

லண்டனில் இருந்த மனைவி ஜெர்ட்ரூடின் இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. கோழையின் மனைவிக்குப் பென்ஷன் கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். குடியிருந்த இடமும் போயிற்று. வீட்டு வேலை செய்துதான் அந்தக் குழந்தையை வளர்த்தாள். கணவன் செத்த துக்கத்தையாவது நாலு பேரிடம் சொல்லி அழலாம். எப்படிச் செத்தான் என்பதை யாரிடம் சொல்வது? அக்கம்பக்கத்துக்குப் பயந்து பல வருஷங்கள் அதை நெஞ்சுக்குள்ளேயே பூட்டி வைத்தாள். பெற்ற மகளுக்கே நடுவயதில்தான் விஷயம் தெரிந்தது.

ஹாரியைப் போலக் கோழைத்தனம், ஓடிப்போனது போன்ற குற்றங்களுக்காகச் சுடப்பட்டவர்கள் 306 பேர். எல்லோருமே மனநோய் கண்டவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்று நிதானமாகப் பார்க்க அங்கே யாருக்கும் பொறுமை இருக்கவில்லை.

நமக்கும் பங்கு உண்டு

அரசாங்கத்தையும் ராணுவத்தையும் மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் ஒதுங்க முடியாது, சகோதரிகளே! 1914-ல் இங்கிலாந்துப் பெண்கள் பலர், ராணுவ உடுப்புப் போடாத வாலிபர்களைத் தெருவில் கண்டால் ஒரு வெள்ளை இறகைக் கையில் கொடுத்தார்கள். ‘நீ ஒரு கோழை’ என்று அதற்கு அர்த்தம். காயம்பட்டு லீவில் வந்தவர்களுக்குக்கூட அந்த இறகு கிடைத்ததாம்.

நாமும் பள்ளிக்கூடத்தில் புறநானூற்றுத் தாயைப் படித்தவர்கள்தானே? மகன் முதுகு காட்டி மடிந்தான் என்று யாரோ சொல்ல, அது உண்மையானால் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று போர்க்களத்துக்குப் போனவள் அவள். மகன் உடலைக் கண்டதும், பெற்ற அன்றைவிட அதிகம் மகிழ்ந்தாள். மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் அவமானம். சரி, மார்பிலும் இல்லாமல் முதுகிலும் இல்லாமல் மனசில் பட்ட புண்ணை அந்தத் தாய் எங்கே தேடியிருப்பாள்?

தாமதமாக வந்த நியாயம்

யுத்தம் சமூகத்தையும் அரசியலையும் புரட்டிப் போட்டது உண்மை. ஆண்கள் போன இடத்தில் பெண்கள் ஃபாக்டரியில் வேலை செய்தார்கள். பஸ்ஸில் கண்டக்டர் ஆனார்கள். 1918-ல் 30 வயதான பெண்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு கிடைத்தது. 1928-ல் ஆண்களைப் போலவே 21 வயதில் கிடைத்தது. 1922-ல் ஷெல் ஷாக் பற்றி அரசாங்கக் கமிட்டி ஒன்று அறிக்கை கொடுத்தது. பார்லிமெண்டில் பல வருஷம் வாதாடிய பிறகு, கோழைத்தனத்துக்கும் ஓடிப்போனதற்கும் மரண தண்டனை என்ற சட்டம் 1930-ல் ஒழிந்தது. வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, 1980-ல் அமெரிக்க மனநல டாக்டர்கள் இதை முறையான நோயாகவே பட்டியலில் சேர்த்தார்கள்.

ஹாரியின் மகளோ விடவில்லை. அப்பாவின் பெயரில் இருந்த களங்கத்தைத் துடைக்க வருஷக்கணக்காகப் போராடினார். 2006-ல் அந்த 306 பேருக்கும் பிரிட்டிஷ் அரசாங்கம் மன்னிப்பு வழங்கியது. அப்போது மகளுக்கு வயது 93! தாய் ஜெர்ட்ரூட் அதற்கு 13 வருஷம் முன்பே கண்ணை மூடிவிட்டாள்.

நம் வீட்டில்

“எங்கேயோ நடந்த யுத்தம், நமக்கென்ன?” என்று தோன்றலாம். பட்டாளத்துக்குப் போன பிள்ளைகள் நம் ஊரிலும் உண்டு. அவர்கள் மட்டுமல்ல, வெள்ளம், விபத்து, தீ என்று பயங்கரத்தைக் கண்ணால் பார்த்த யாருக்கும் இந்தப் புண் வரலாம். பெண்களுக்கும் வரும், குழந்தைகளுக்கும் வரும். அப்படி ஒருவர் தூக்கம் கெட்டு, சத்தம் கேட்டால் பதறி, காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், “திமிர்” என்றோ “காத்துக் கருப்பு” என்றோ முடிவு கட்டாதீர்கள். பேசச் சொல்லி நச்சரிக்கவும் வேண்டாம். பேச வந்தால் வாயை அடைக்கவும் வேண்டாம். பக்கத்தில் இருங்கள். சில வாரங்களாகியும் சரியாகவில்லை என்றால் மனநல டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இதற்கு இன்று நல்ல வைத்தியம் இருக்கிறது.

இன்னொன்று. விழுந்து அடிபட்டு அழுதுகொண்டு வரும் மகனிடம், “ஆம்பளைப் பிள்ளை அழலாமா?” என்று நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நானும் கேட்டவள்தான். வெள்ளை இறகு கொடுப்பது அங்கேதான் ஆரம்பமாகிறதோ என்று இப்போது தோன்றுகிறது. அடுத்த தடவை அவன் அழுதுகொண்டு வந்தால், “எங்கேடா வலிக்குது?” என்று கேட்போம். ஹாரியிடம் யாராவது அப்படி ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த மூன்று வயதுக் குழந்தைக்கு அப்பா இருந்திருப்பார்.