சினிமாக் கொட்டகை வீட்டுக்குள் வந்தது!

தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரை வட சென்னை வாசிகள் எளிதில் மறந்து விட மாட்டார்கள். 1967-ல் திறந்த அந்தப் பெரிய கொட்டகை 2020-ல் மூடப்பட்டது. கொட்டகை போனால் என்ன? அதன் முழக்கம் வீட்டுக்குள்ளேயே வந்து விட்டது! ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும், தொழிலாளர் குடும்பங்கள் கூட, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் "ஹோம் தியேட்டர்" வாங்குகின்றன.

பெட்டி வந்து விடுகிறது. ஆனால் கொட்டகைச் சத்தம் வருகிறதா? பல வீடுகளில் "கொர்" என்ற இரைச்சல்தான் வருகிறது. உடனே, "விலை உயர்ந்த கம்பி வாங்கு" என்று யாராவது யோசனை சொல்வார்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் 1969-ல் கடற்கரை ரயில் நிலையத்தருகே தொடங்கிய பர்மா பஜாருக்கோ, மவுண்ட் ரோடு பக்கத்து ரிச்சி தெருவுக்கோ ஓட்டம்! குறை பெரும்பாலும் கம்பியின் விலையில் இல்லை. அதை மாட்டிய விதத்தில் இருக்கிறது.

சிவப்பும் கறுப்பும்

ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் இரண்டு கம்பிகள் உண்டு. சிவப்பு சிவப்போடும், கறுப்பு கறுப்போடும் சேர வேண்டும். ஒரு பெட்டியில் மட்டும் மாறி விட்டால் என்ன ஆகும்? ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக் கொள்ளும். மிருதங்கத்தின் கனமான ஒலி காணாமல் போய் விடும்!

கம்பியில் நிறம் இல்லாவிட்டால், டார்ச் லைட் பாட்டரி ஒன்று போதும். ஆம்பிளிபயரிலிருந்து கழற்றிய கம்பி முனைகளைப் பாட்டரியில் ஒரு கணம் தொட வேண்டும். ஒலிபெருக்கியின் கூம்பு முன்னால் வந்தால், பாட்டரியின் குமிழைத் தொட்ட முனைதான் சிவப்பு.

இரண்டு ஐந்தாகுமா?

டெலிவிஷனில் ஹெட்போன் மாட்டும் துவாரத்திலிருந்து வரும் கம்பி இடம், வலம் என்று இரண்டு ஒலிகளைத்தான் கொண்டு வரும். பின்னால் வைத்த பெட்டிகளும் அதையே திருப்பிப் பாடும். ஐந்து பெட்டிகளும் தனித் தனியே பேச வேண்டுமானால், ஆம்பிளிபயரில் "ஆப்டிகல்" அல்லது "எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி." துவாரம் இருக்க வேண்டும், "டால்பி டிஜிட்டல்" ஒலியைப் பிரிக்கும் வசதியும் வேண்டும். பணம் கொடுக்குமுன் பெட்டியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

உப்புக் காற்று

கடலோர வீடுகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. உப்புக் காற்றில் செப்புக் கம்பி பச்சை பூக்கும்; செருகிகள் களிம்பேறும். "கரகர"வென்ற சத்தத்துக்கு அதுவே காரணம். மின்சாரத்தை நிறுத்தி விட்டு, பச்சை பூத்த முனையை வெட்டி எறிந்து, அரை அங்குலம் புதிதாகச் சீவி, இறுக முறுக்கி மாட்டினால் சரியாகி விடும்.

தங்க முலாம் பூசிய செருகி களிம்பேறாது. அந்த வரையில் நன்மைதான். ஆனால் அது ஒலியை இனிமையாக்கும் என்பது வீண் நம்பிக்கை. எட்டு ஓம் ஒலிபெருக்கிக்குப் பத்து மீட்டர் தூரம் வரை, 1.5 சதுர மில்லிமீட்டர் சாதாரணச் செப்புக் கம்பி தாராளமாகப் போதும்.

மூன்றாவது முள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். டெலிவிஷனும் ஆம்பிளிபயரும் வெவ்வேறு இடத்தில் "எர்த்" ஆகும்போது, ஒலிக் கம்பி வழியே சிறிது மின்சாரம் ஓடி, ஓயாத இரைச்சலை உண்டாக்கும். கேபிள் டி.வி. கம்பி வழியாகவும் இது வரும். இதற்குச் சிலர் செய்யும் வைத்தியம், பிளக்கின் மூன்றாவது முள்ளை ஒடித்து விடுவது!

இரைச்சல் நிற்கும். ஆனால் அதோடு காவலும் போய் விடும். பெட்டிக்குள் எங்காவது மின்சாரம் கசிந்தால் அதைப் பூமிக்குக் கொண்டு போய், பியூஸை எரிய வைப்பது அந்த முள்தான். அது இல்லாவிட்டால், பெட்டியைத் தொடும் கை வழியாகவே மின்சாரம் பூமிக்கு இறங்கும். மழைக் காலத்தில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் குழந்தையின் கதி என்ன?

நேர் வழிகள் இருக்கின்றன. இரண்டு கருவிகளையும் ஒரே பலகையில் மாட்டலாம். கேபிள் டி.வி. கம்பியைக் கழற்றிப் பார்த்து, இரைச்சல் அதிலிருந்து வருகிறதா என்று கண்டு கொள்ளலாம். ஆப்டிகல் கம்பி இன்னும் விசேஷம். அதில் ஓடுவது மின்சாரமல்ல, வெளிச்சம்! ஆகவே அந்த வழியாக இரைச்சல் வரவே முடியாது.

வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் சோதித்துக் கொள்வதும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சுவிட்சைப் பொருத்துவதும் அவசியம். தங்க முலாம் பூசிய செருகிக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் இதற்குச் செலவிடட்டும். காதுக்கு இனிமை வேண்டியதுதான். உயிருக்குக் காவல் அதற்கு முந்தியது!