"என்னம்மா, விசேஷமா?"
நைட்டி போட்டவர் எல்லாம் கர்ப்பிணி அல்ல!

செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தை என்றால் ஆடு மட்டும்தானா? துணிக்கடைப் பக்கம் போய்ப் பாருங்கள். கம்பியில் வரிசையாக நைட்டிகள் தொங்கும். அதில் தாய்மார்களுக்கென்றே தைத்தது ஒன்று உண்டு. பெயர் "பீடிங் நைட்டி".

மார்புக்குக் கீழே சுருக்கம் வைத்து, வயிறு பெருத்தாலும் பிடிக்காதபடி தைத்திருப்பார்கள். மடிப்புக்குள் இரண்டு பக்கமும் ஜிப். பிள்ளைக்குப் பால் கொடுக்க வசதி.

இதைப் போடுகிறவர்கள் எல்லாம் கர்ப்பிணிகளா? இல்லவே இல்லை! பிள்ளை பத்தாவது படிக்கிறான். அம்மா இன்னும் அதே ஜிப் நைட்டிதான். பேரன் எடுத்த பாட்டிக்கும் அதுதான். மேலே ஒரு துண்டைப் போட்டால் பால் வாங்கவும் போகலாம், குழாயடிக்கும் போகலாம்.

குழாயடி வம்பு

தொல்லை அங்கேதான். "என்னம்மா, விசேஷமா? எத்தனை மாசம்?"

கேட்பவருக்கு அது வெறும் வாய்வார்த்தை. அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் போய் அங்காளம்மனிடம் பிள்ளை வரம் கேட்டு வருகிறவளுக்கோ நெஞ்சில் முள்!

இன்னொருத்தி நிலைமை அதைவிட மோசம். ஐந்தாம் மாதம் ஆசையாக வாங்கிய நைட்டி. கரு தங்கவில்லை, துணிதான் தங்கியது. காசு போட்டு வாங்கியதைக் கிழிகிற வரை போடத்தானே வேண்டும்?

கர்ப்பப்பையில் கட்டி இருந்தாலும் வயிறு பெருக்கும். அதையெல்லாம் குழாயடியில் விளக்கவா முடியும்?

ரூ.2,000 அபராதம்

வம்போடு நிற்காமல் தடை போட்ட ஊர்களும் உண்டு. 2014-ல் நவி மும்பையில் கோதிவலி கிராமத்துப் பெண்கள் மன்றமே, பகலில் நைட்டி போட்டால் ரூ.500 அபராதம் என்றது. 2018-ல் ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டம் தோகலபள்ளியில் காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை நைட்டிக்குத் தடை! மீறினால் ரூ.2,000 அபராதம். காட்டிக் கொடுத்தால் ரூ.1,000 பரிசு!

நாடா செய்த வேலை

தளர்ந்த துணி கர்ப்பிணிக்கு மட்டும் சொந்தம் அல்ல. சிசேரியன் தழும்பு உள்ளவருக்குப் பாவாடை நாடா உறுத்தும். 2024-ல் மகாராஷ்டிரா, பீகார் டாக்டர்கள் 2 பெண்களைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். பல வருடம் இடுப்பில் இறுக்கிக் கட்டியதில் தோல் உரசிப் புண்ணாகி, அது புற்றுநோயாகவே மாறிவிட்டதாம். இது அபூர்வம்தான். ஆனாலும் இறுக்காமல் கட்டுங்கள், தளர்வாக உடுத்துங்கள் என்பதே அவர்கள் சொன்ன யோசனை.

ஆகவே தாய்க்குலமே, எதிர்வீட்டுப் பெண் நைட்டியில் வந்தால் வயிற்றைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேளுங்கள், போதும்.

விசேஷம் இருந்தால் அவளே சொல்வாள்!