ஒரு பல்லுக்கு வைத்த பெயர்

வாப்பா இரத்தினபுரியில் கல் வியாபாரம் செய்கிறார். குழியிலிருந்து ஏற்றும் பரல் மண்ணைக் கூடையில் கழுவும்போது எல்லோர் கண்ணும் கல்லில்தான் இருக்கும். எலும்போ பல்லோ வந்தால் வீசிவிடுவார்களாம்.

ஒருநாள் தம்பி கேட்டான்: "கொடியில சிங்கம் இருக்கே தாத்தா, இங்க உண்மையா சிங்கம் இருந்திச்சா?"

விடை எங்களுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் உயிர்ச்சுவடுகளும் இரத்தினபுரிப் பரல் படைகளில் கிடைத்திருக்கின்றன. குருவிட்டவில் கிடைத்த இரண்டு பற்களை வைத்து, 1939இல் பி. ஈ. பி. தெரணியகல ஒரு சிங்கத் துணையினத்தை அறிவித்தார். அதன் பெயர் பந்தெரா லியோ சிங்ஹலேயஸ்.

இப்பெயரில் மூன்று படிகள் உள்ளன. பந்தெரா என்பது சாதி. புலியும் சிறுத்தையும் அதில் அடங்கும். லியோ என்பது சிங்க இனம். மூன்றாவது சொல் துணையினத்தைக் குறிக்கும்.

பெயர் வைத்தால் மட்டும் போதாது. மாதிரியை அளந்து விவரிக்க வேண்டும். தெரிந்த இனங்களோடு ஒப்பிட்டு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். அந்த மாதிரியைப் பாதுகாக்கவும் வேண்டும். அதுவே 'வகைமாதிரி'. பெயர் அதனோடு கட்டுண்டது. சந்தேகம் வந்தால் யாரும் அதை எடுத்து மறுபடி அளக்கலாம்.

சந்தேகம் வரத்தான் செய்தது. இலண்டன் நூதனசாலையிலுள்ள இக்காலச் சிங்கப் பற்களைவிட இந்தப் பல் ஒடுங்கி நீண்டது என்றார் தெரணியகல. ஆனால் அது சிங்கத்தின் பல்தான் என்று எப்படித் தீர்மானித்தார் என்பதை அவர் விளக்கவில்லை. சிங்கம், புலி எலும்புகளைப் பிரித்தறிவதோ எளிதல்ல. பின்னர் 2005இல், கேலும் மனமேந்திர ஆராச்சியும் குழுவினரும் குருவிட்டவுக்கு அருகே கிடைத்த ஒரு விரலெலும்பை ஆராய்ந்து, அது புலியினுடையது, ஏறத்தாழ 16,500 ஆண்டுகள் பழமையானது என்று எழுதினார்கள். இன்று இத்தீவில் எஞ்சியிருக்கும் பெரும்பூனை சிறுத்தை மட்டுமே.

ஆகவே தம்பிக்கு இப்படிச் சொன்னேன்: "இருந்திச்சுன்னு சொல்றாங்க. சாட்சி ரெண்டே பல்லு. இன்னும் கிடைச்சாத்தான் உறுதியாச் சொல்லலாம்."

வாப்பாவிடமும் ஒன்று கேட்டேன். இனிப் பல் வந்தால் வீசாமல், எந்தக் குழி, எத்தனை அடி ஆழம் என்று எழுதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வந்த இடம் தெரியாத பல் பாதிச் சாட்சிதான்.

வாப்பா சிரித்தார். "கல்லு எந்தக் குழியில வந்ததுன்னு கேட்டா ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான் மகள். பல்லுக்குன்னா சொல்லுவாங்க."