குருவின் அங்கியும் ஜூரிச் நகரத்து விவாதமும்

1519ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று ஜூரிச் நகரத்துக் கிரோஸ்மூன்ஸ்டர் ஆலயத்தில் குருவாகப் பொறுப்பேற்ற ஹுல்ட்ரிக் ஸ்விங்லி, பொன்னிழை பின்னிய பூசை வஸ்திரங்களுக்கும் பலிபீடத்து அலங்காரங்களுக்கும் சில ஆண்டுகளுக்குள்ளேயே அந்நகரத்து ஆராதனையில் இடமில்லாமற் செய்துவிட்டார். 1525ஆம் ஆண்டு ஈஸ்டர் வாரத்தில் அங்கே புது முறைப்படி நடந்த இராப்போஜனத்தில் அப்பமும் திராட்சரசமும் மரத் தட்டுகளிலும் மரக் கிண்ணங்களிலுமே வழங்கப்பட்டன. ஆடம்பரம் மறுபடியும் தலையெடுக்கலாகாது என்பதே அதன் நோக்கம்.

இதை வெறும் சிக்கனம் என்று கொள்வது பெரும் பிழை. பலியிடுகிறவருக்கு உரியது பலியின் வஸ்திரம். கிறிஸ்துவின் பலி ஒரே தரம் நிறைவேறி முடிந்துவிட்டதென்றால், அதை மீண்டும் செலுத்துபவரும் இல்லை, அவருக்கென்று தனி உடையும் இல்லை என்பதே ஸ்விங்லியின் சித்தாந்தம் கொண்டுபோய் நிறுத்தும் இடம். வேதத்தை விளக்கும் ஆசிரியராகவே குரு சபைமுன் நிற்கிறார். ஆகவே அக்காலத்துப் பண்டிதர்கள் அணிந்த கருநிற அங்கி அவருக்குப் போதுமானதாயிற்று. ஹான்ஸ் ஆஸ்பர் தீட்டிய சித்திரத்தில் ஸ்விங்லி கருந்தொப்பியோடும் கருநிற ஆடையோடும் காட்சியளிப்பதைக் காண்போர், பூசாரியை அன்று, ஒரு வித்வானையே காண்பார்கள்.

ஜூரிச்சில் விதைத்தது இங்கிலாந்தில் முளைத்தது. ஸ்விங்லிக்குப் பின் அச்சபையை வழிநடத்திய புல்லிங்கரின் அன்புக்குப் பாத்திரராய் 1547 முதல் 1549 வரை அந்நகரில் தங்கியிருந்த ஜான் ஹூப்பர், 1550இல் குளோஸ்டரின் பிஷப்பாக நியமனம் பெற்றபோது, வேதத்தில் ஆதாரமில்லாத வஸ்திரங்களைத் தரிக்க மாட்டேன் என்று மறுத்தார். சிறைவாசம்கூட அவருக்கு நேர்ந்தது. முடிவில் இணங்கி, 1551 மார்ச்சில் அவ்வுடையிலேயே பட்டம் பெற்றார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் தம் விசுவாசத்துக்காகத் தீக்கிரையான அந்தத் தியாகியைப் பிடிவாதக்காரர் என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை.

ஆயினும், 1566இல் அதே வழக்கு மீண்டும் எழுந்து, இங்கிலாந்துக் குருமார் சிலர் அவ்வஸ்திரங்களை அணிவதைக் காட்டிலும் பதவி துறப்பதே மேல் என்று எண்ணிப் புல்லிங்கரின் ஆலோசனையை நாடியபோது, அவர் தந்த மறுமொழியே எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது: துணியின் பொருட்டு மந்தையை ஓநாய்களிடம் விட்டுவிட வேண்டாம் என்ற கருத்துப்பட அவர் எழுதினார். வஸ்திரங்களை அகற்றிய நகரத்தின் தலைமைக் குருவே இவ்வாறு எழுதியது எத்தகைய மனவிசாலம்!

அரசாங்கங்களுக்கு அந்த விசாலம் எப்போதும் வாய்த்ததில்லை. 1875இல் ஜெனீவா மாகாணம், குருமாருக்குரிய உடையோடு பொதுத் தெருவில் நடமாடலாகாது என்றே சட்டம் இயற்றிற்று.

பண்டிதரின் அங்கி கல்வியின் அடையாளமே என்றால், கற்றுத் தேர்ந்த பெண்ணுக்கு அதை மறுப்பது எவ்வாறு தகும்? 1918ஆம் ஆண்டு அக்டோபரில் ரோசா குட்க்னெக்ட், எலிசே பிஃபிஸ்டர் என்னும் இருவர் ஜூரிச்சில் குருப்பட்டம் பெற்றனர். எனினும் சபைக்கு முழு உரிமையுள்ள போதகராகும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. 1963இல்தான் கிரோஸ்மூன்ஸ்டரில் பன்னிரண்டு பெண்கள் ஒருங்கே பட்டம் பெற்று அத்தடையைக் கடந்தனர்.

இக்கேள்வி கிறிஸ்தவ சபையோடு நிற்பதன்று. பெர்ன் நகரத்துச் சமயங்களின் இல்லத்தில் நம் தமிழர் நடத்தும் சைவநெறிக்கூடத்திலும் பெண்கள் தமிழில் பூசை செய்கிறார்கள். ஆண் குருக்களுக்கு வேட்டியையும் பூணூலையும் வகுத்துவைத்த நம் சம்பிரதாயம், பூசை செய்யும் பெண்ணின் உடையைப் பற்றி ஏதும் சொல்லிவைக்கவில்லை. அதைத் தீர்மானிக்கும் உரிமையை அவர்களுக்கே விட்டுவிடுவதுதான் நமக்கு மரியாதை.