கத்தரி வைத்த பெயரா, ஊசி வைத்த பெயரா?

கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுக்கப் போகிறீர்கள். நீங்கள் 'டெய்லர்' என்பீர்கள், உருது பேசும் நண்பன் 'தர்ஜி' என்பான், பாட்டி 'தையக்காரர்' என்பார். கழுத்தில் டேப்போடு நிற்பவர் ஒருவர்தான்!

தையல்காரர் என்பது 'தை' என்ற வினையில் பிறந்தது. 'தர்ஜி' பாரசீகச் சொல். அதன் வேரான 'தர்ஸ்' என்பது துணியும் துணியும் சேரும் தையல் வரி. இரண்டும் ஊசி வைத்த பெயர்கள். டெய்லர் மட்டும் கத்தரி வைத்த பெயர். லத்தீனில் 'தாலியாரே' என்றால் வெட்டுவது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் நம்மிடம் வந்தது. 1880 முதல் கோலார் தங்கவயலில் சுரங்கம் நடத்திய 'ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ்' கம்பெனியின் பெயரில் இருப்பதும் இதே சொல்தான். இங்கிலாந்தில் தொழிலின் பெயரே குடும்பப் பெயரானது.

லத்தீனின் பிள்ளை மொழிகள் எல்லாம் ஒரே பெயரைச் சொல்வதில்லை. இத்தாலியில் 'சார்தோ', ஸ்பெயினில் 'சாஸ்த்ரே'. இரண்டும் கிழிசல் தைப்பவரைக் குறித்த 'சார்தோர்' என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தவை. போர்த்துக்கீசியரோ அரபியிலிருந்து 'அல்ஃபையாத்தே' என்று எடுத்துக்கொண்டார்கள். ருமேனியர் சொல்லும் 'க்ரொய்தோர்' ஸ்லாவிய மொழியிலிருந்து வந்தது, அதுவும் வெட்டுபவர்தான்.

இப்போது கடல் தாண்டிப் பிலிப்பைன்ஸ் போவோம். தகலோக் மொழியிலும் தையல்காரர் 'சாஸ்த்ரே'! 1565 முதல் 1898 வரை ஸ்பெயின் அங்கே ஆண்டது, சொல் தங்கிவிட்டது. ஆனால் சொந்தச் சொல்லும் சாகவில்லை. 'தஹி' என்றால் தைப்பது, 'மனனஹி' என்றால் தைப்பவர். முன்னே ஒட்டுச் சேர்ந்ததும் 'த' மறைந்து 'ன' ஆகிவிட்டது, பார்த்தீர்களா? நாம் 'காரர்' என்று பின்னால் ஒட்டுகிறோம், அவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள்.

தை, தஹி! இரண்டும் சொந்தமோ என்று தோன்றுகிறதா? அவசரப்படாதீர்கள். ஒலி ஒத்திருந்தால் மட்டும் போதாது. மொழியியலார் சாட்சி கேட்பார்கள். 'சாஸ்த்ரே'வுக்கு ஆட்சி வரலாறு சாட்சி. 'தஹி'யின் உறவுச் சொற்களோ தைவான் பழங்குடி மொழிகளில் இருக்கின்றன. தமிழ் வேறு குடும்பம். இது தற்செயல் ஒற்றுமை, அவ்வளவுதான்.

உங்களுக்கு ஒரு வேலை. சட்டைப் 'பொத்தான்' போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். உங்கள் தெருவில் தெலுங்கு, கன்னடம், உருது பேசுபவர்கள் அதை என்னவென்று சொல்கிறார்கள்? கேட்டு நோட்டில் எழுதுங்கள். ஒலி ஒத்துப்போனால், சாட்சியையும் தேடுங்கள்.